எம்.பி.ஏ. கடனுக்கு முன்னால் ஒரு கடிதம்

சென்ற வாரம் தாம்பரத்திலிருந்து ஒரு அப்பாவும் அம்மாவும் மகளைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வேலை ஆலோசனை கேட்டு வந்திருந்தார்கள். மகளுக்கு 29 வயது. சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் வேலை, ஆறு வருட அனுபவம். இரண்டு வருடமாக முடக்குவாதம், மூட்டுகள் வீங்கி வலிக்கும் நோய். காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது, பத்து மணிக்கு மேல்தான் கை சொன்னபடி கேட்கும். இதுவரை வீட்டிலிருந்தே வேலை பார்த்துச் சமாளித்துவிட்டார். இப்போது வாரம் ஐந்து நாளும் ஆபீஸுக்கு வரச் சொல்லி மெயில் வந்திருக்கிறது. கூடவே, அடுத்த காலாண்டில் ஆள் குறைப்பார்கள் என்ற பேச்சும்.

அப்பாவின் கையில் ஒரு ஃபைல். திறந்தால் முழுக்க எம்.பி.ஏ. படிப்பின் விளம்பரத் தாள்கள். சித்தப்பா சொல்லியிருக்கிறார்: "நோயைப் பத்தி ஆபீஸ்ல மூச்சு விடாதே. வேலையை விட்டுட்டுப் பெரிய இடமா பார்த்து எம்.பி.ஏ. சேரு. மேனேஜர் ஆயிட்டா யாரும் கை வைக்க மாட்டாங்க." 25 லட்சம் கடனுக்கு வங்கியில் விசாரித்தும் வந்துவிட்டார்கள்.

"கவலைப்படாதீர்கள் ஐயா" என்றுதான் ஆரம்பித்தேன். ஃபைலைப் பார்த்த பிறகு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். கவலைப்பட வேண்டிய இடம் அந்த ஃபைல்தான்.

25 லட்சத்தை 10.5 சதவீத வட்டியில் ஏழு வருடத்துக்குப் போட்டால் மாதத் தவணை 42 ஆயிரம் ரூபாய்க்கு மேல். கட்டி முடிக்கும்போது 35 லட்சத்தைத் தாண்டியிருக்கும். படிக்கும் காலத்தில் சம்பளமும் கிடையாது. இது எல்லோரும் போடுகிற கணக்கு. யாரும் போடாத கணக்கு ஒன்று உண்டு. ஆபீஸ் தரும் குழு மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். அதன் பிறகு வெளியே புதிதாக ஒரு பாலிசி எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்கச் சொல்லலாம். கை வீங்கும் பெண்ணின் கையிலிருந்து காப்பீட்டைப் பிடுங்கி, அதே கையில் கடனைக் கொடுக்கிறோம். இதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். குழுக் காப்பீட்டிலிருந்து அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறும் வழி இருக்கிறது. அப்படி மாறினால் காத்திருந்த காலமும் கணக்கில் வரும். வேலையில் இருக்கும்போதே அதைக் கேட்டு வையுங்கள்.

அடுத்து, மறைப்பது. ஆபீஸில் நோயைச் சொன்னால் ஆட்குறைப்புப் பட்டியலில் பெயர் முதலில் வந்துவிடும் என்று பயப்படுகிறார்கள். பயம் நியாயமானதுதான். ஆனால் மறைத்தால் என்ன ஆகிறது? மேடவாக்கம் நெரிசலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து போய், பதினொரு மணிக்கு உள்ளே நுழைவார். மாதத்தில் நாலு நாள் திடீர் லீவு. காரணம் தெரியாத மேலாளர் "அக்கறை இல்லை" என்று எழுதுவார், மதிப்பீடு இறங்கும். ஆட்குறைப்புப் பட்டியல் பெரும்பாலும் அந்த மதிப்பீட்டை வைத்துத்தானே தயாராகிறது! நோய் மறைந்தே இருக்கும், சோம்பேறி என்ற பெயர் மட்டும் வெளியே தெரியும்.

அதனால் வேலை முறையில் மாற்றம் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள், இப்போதே கேளுங்கள். மருத்துவரின் கடிதத்தில் நோயின் வரலாறு வேண்டாம். உடம்பால் எது முடியவில்லை, என்ன மாற்றம் வேண்டும், எத்தனை நாளைக்கு என்ற மூன்றும் இருந்தால் போதும். "காலை பத்து மணி வரை விரல்களில் இறுக்கம் உள்ளது. நீண்ட பயணம் வலியைக் கூட்டுகிறது. வாரம் மூன்று நாள் வீட்டிலிருந்தும், இரண்டு நாள் 11 மணி முதல் ஆபீஸிலும் பணிபுரியலாம். ஆறு மாதம் கழித்து மறுபரிசீலனை." அவ்வளவுதான். முழுக்க வீட்டிலிருந்தே என்று கேட்க வேண்டாம் என்பது என் எண்ணம். ஆள் குறைக்கும் நேரத்தில் முகமே தெரியாதவருக்காகப் பேச யாரும் இருக்க மாட்டார்கள். மேலாளருக்கும் எச்.ஆருக்கும் சேர்த்தே மெயில் போகட்டும். வாய்வார்த்தையாகக் கிடைத்த சம்மதம் மேலாளர் மாறிய அன்று போய்விடும்.

சட்டம் எவ்வளவு துணை வரும்? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, நியாயமான வசதி செய்து தருவதைப் பற்றிப் பேசுகிறது. தனியார் நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை வைத்திருக்க வேண்டும். அதை எச்.ஆரிடம் கேட்டு வாங்கிப் படியுங்கள். 40 சதவீத உடல்குறை என்ற சான்றிதழ் இருந்தால்தான் வசதி கேட்க முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் ஒரு தேர்வரின் வழக்கில், அந்த 40 சதவீத அளவை வசதி கேட்பதற்கு நிபந்தனையாக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் சொல்லிவிட்டது. அதற்காக, கடிதம் கொடுத்தால் ஆட்குறைப்பு தொடாது என்று நான் சொல்லவில்லை. பணியில் இருக்கும்போது உடல்குறை வந்தவரை நீக்கக் கூடாது என்ற பிரிவு அரசு நிறுவனங்களுக்கு மட்டும்தான். ஆனால் நாளை ஏதாவது நடந்தால், முன்பே கேட்டதற்குக் கையில் ஆதாரம் இருக்கும். ஒருவேளை அறைக்குக் கூப்பிட்டு ராஜினாமாவில் கையெழுத்துக் கேட்டால், அங்கேயே போட வேண்டாம். வீட்டில் படித்துவிட்டுப் பதில் தருகிறேன் என்று சொல்லி எழுந்து வந்துவிடட்டும்.

இவ்வளவு நேரமும் மகள் பேசவே இல்லை. "உனக்கு என்னம்மா பிடிக்கும்?" என்று கேட்டதும் என் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினார். தான் வழக்கமாகப் போகும் மருத்துவமனையின் முன்பதிவுப் பக்கத்தைத் திறந்தார். வலி இருக்கும் காலைகளில் அவர் மவுஸைத் தொடுவதில்லை, டேப் விசையை வைத்தே ஓட்டுவார். பெயர், ஃபோன் எண் வரை சரியாகப் போனது. தேதி கேட்கும் காலண்டருக்குள் நுழைந்ததும் மாட்டிக்கொண்டது. எத்தனை முறை அழுத்தினாலும் வெளியே வர முடியவில்லை. "பாருங்க சார், இப்ப எங்க நிக்குதுன்னே தெரியல. கண்ணு தெரியாதவங்க என்ன பண்ணுவாங்க?" அந்த ஐந்து நிமிடமும் அவர் முகத்தில் வலி தெரியவில்லை.

அவர் செய்தது ஒரு வேலை. அதற்குப் பெயர் அக்சசபிலிட்டி டெஸ்டிங். இணையதளத்தையும் செயலியையும் பார்வையற்றவர், காது கேளாதவர், கை நடுங்குபவர் எல்லோரும் பயன்படுத்த முடிகிறதா என்று சோதிப்பது. மவுஸ் இல்லாமல் கடைசி வரை போக முடிகிறதா, படத்துக்கு விளக்கம் எழுதியிருக்கிறதா, எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள நிற வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்கிறதா, வீடியோவில் வசன வரி வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். இணையத்துக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் டபிள்யூகேக் (WCAG) விதிகள்தான் இதற்கு அடிப்படை, 2.2 பதிப்பு 2023 அக்டோபரில் வந்தது. திரையை வாசித்துக் காட்டும் என்.வி.டி.ஏ. மென்பொருள் இலவசம். ஆண்ட்ராய்டு ஃபோனில் அதே வேலையைச் செய்யும் டாக்பேக் ஏற்கெனவே இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு அதை வைத்து ஒரு ரயில் டிக்கெட் எடுத்துப் பார்த்தாலே பாதிப் பாடம் புரிந்துவிடும்.

தேவையும் கூடியிருக்கிறது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் வசதிகளை அணுகுவதும் வாழும் உரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. கேமரா முன் கண் சிமிட்ட முடியாததால் கே.ஒய்.சி. என்ற அடையாளச் சரிபார்ப்பை முடிக்க இயலாத, அமில வீச்சில் பாதிக்கப்பட்டவர்கள் தொடுத்த வழக்கு அது. அதே ஆண்டு ஜூலையில், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி, தன் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்களின் தளங்களையும் செயலிகளையும் இப்படித் தணிக்கை செய்யச் சொன்னது. அந்த ஆண்டு ஜூன் 28 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் அக்சசபிலிட்டி சட்டமும் நடைமுறைக்கு வந்துவிட்டது. அங்கே வங்கி, இணையவழி விற்பனை என்று சேவை தரும் வாடிக்கையாளர்களுக்கு நம் ஓ.எம்.ஆர். சாலை மென்பொருள் நிறுவனங்கள் எத்தனை வேலை செய்துகொடுக்கின்றன!

இதற்கு 25 லட்சம் வேண்டியதில்லை. டபிள்யூ3சியின் அறிமுகப் பாடத்தை இணையத்தில் பணம் கட்டாமலே படிக்கலாம். கை பழகிய பிறகு, இந்தத் துறை வல்லுநர்களின் சர்வதேசச் சங்கமான ஐ.ஏ.ஏ.பி. நடத்தும் சான்றிதழ்த் தேர்வு எழுதலாம். வேலையை விடவும் வேண்டாம். தன் டீம் இப்போது செய்துகொண்டிருக்கும் தளத்திலேயே ஒரு பக்கத்தைச் சோதித்து, பத்துக் குறைகளை ஸ்க்ரீன்ஷாட்டோடு மேலாளருக்கு அனுப்பட்டும். வசதி கேட்கும் கடிதம் போகிற அதே வாரம் இந்த அறிக்கையும் போனால், கேட்பது சலுகையாக மட்டும் தெரியாது. வீட்டிலிருந்து என்ன செய்து தர முடியும் என்பதும் கூடவே தெரியும்.

அம்மா கிளம்பும்போது தயங்கிக் கேட்டார், ஆபீஸ் ரெக்கார்டில் நோய் ஏறினால் வரன் அமையுமா என்று. அம்மா, எச்.ஆர். ஃபைலை மாப்பிள்ளை வீட்டார் பார்க்கப் போவதில்லை. கட்டிக்கொள்ளப் போகிறவரிடம் நீங்களே சொல்லத்தான் வேண்டும். அந்தப் பேச்சுக்காக மகளை ஐந்து நாளும் பஸ்ஸில் அனுப்பாதீர்கள்.

வெள்ளிக்கிழமை மருத்துவரைப் பார்க்கப் போகிறார்கள். ஐயா, உள்ளே மகளே பேசட்டும், நீங்கள் வெளியே உட்காருங்கள். வங்கியிலிருந்து ஃபோன் வந்தால், கடன் வேண்டாம் என்று அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.