ஆசியச் சந்தை சரிந்தால் நம் பணம் என்ன ஆகும்?

கும்பகோணம் வாசகர்: டோக்கியோவில் பங்குச்சந்தை விழுந்தால் மும்பையும் ஏன் விழுகிறது ஐயா?

ஜப்பானில் வட்டி பல வருடம் பூஜ்யத்தை ஒட்டியே இருந்தது. அங்கே யென்னில் (ஜப்பான் நாணயம்) கடன் வாங்கி, மற்ற நாடுகளின் பங்குகளில் போட்டவர்கள் ஏராளம். 2024 ஜூலை 31-ல் ஜப்பான் மத்திய வங்கி வட்டியை 0.25 சதவீதமாக உயர்த்தியது. யென் மதிப்பு ஏற, வாங்கிய கடனும் கனத்தது. கையில் இருந்ததை விற்றுக் கடனை அடைக்க எல்லோரும் ஓடினார்கள். அமெரிக்க வேலைவாய்ப்புக் கணக்கும் சோர்வாக வந்த நேரம் அது. ஆகஸ்ட் 5 அன்று டோக்கியோ சந்தையின் குறியீடான நிக்கேய் 12.4 சதவீதம் விழுந்தது. மும்பைக் குறியீடான சென்செக்ஸ் 2,222 புள்ளிகள் இழந்தது. மறுநாளே நிக்கேய் 10 சதவீதத்துக்கு மேல் ஏறியது. முதல் நாள் பயந்து விற்றவர்களை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

மன்னார்குடி வாசகர்: குறுவைச் செலவுக்கு வைத்திருந்த 2 லட்சத்தைப் பங்கில் போட்டேன். 30 ஆயிரம் குறைந்து நிற்கிறது. விற்கவா, காத்திருக்கவா?

விற்றுவிடுங்கள் அண்ணே. மேலே சொன்னதற்கு இது முரணாகத் தெரியலாம். ஆனால் மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டால் உழவுக்கும் விதைக்கும் நடவுக் கூலிக்கும் உடனே பணம் வேண்டும், சந்தை ஏறும்வரை நாற்று காத்திருக்காது. ஏறாமலும் போகலாம். 1989 டிசம்பரில் தொட்ட உச்சத்தைத் தாண்ட நிக்கேய்க்கு 2024 பிப்ரவரி வரை ஆனது. நம் சந்தைக்கும் அப்படி ஆகும் என்று சொல்லவில்லை; இன்ன மாதம் வேண்டும் என்று தெரிந்த பணத்தை அங்கே வைக்கக் கூடாது, அவ்வளவுதான். குறைகிற 30 ஆயிரத்துக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேளுங்கள். கெடுவுக்குள் கட்டினால் வட்டி கிடையாது. விட்டதைப் பிடிக்க வீட்டு நகையை அடகு வைத்துப் பங்கு வாங்கிவிடாதீர்கள், தயவுசெய்து.

மயிலாடுதுறை வாசகர்: வயது 26. மியூச்சுவல் ஃபண்டில் மாதம் 3,000 எஸ்ஐபி-யாக (மாதத் தவணை முதலீடு) போகிறது. நிறுத்தலாமா அண்ணா?

ஆறு மாதச் செலவுக்குத் தனியே பணம் இருந்தால் நிறுத்த வேண்டாம் தம்பி. விலை இறங்கிய மாதத்தில் அதே 3,000-க்கு ஃபண்டில் அதிக யூனிட் (உங்கள் பங்கு) கிடைக்கும்.

திருவாரூர் வாசகர்: சரிவில் ஆப்ஷன் (குறித்த விலைக்குப் பின்னர் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம்) வாங்கி 4 லட்சம் போய்விட்டது. வீட்டில் சொல்லவில்லை. இன்னும் ஒரு முறை முயலலாமா?

வேண்டாம். 2021-22 முதல் 2023-24 வரையான மூன்று நிதியாண்டுகளைப் பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி ஆராய்ந்தது. எஃப் அண்ட் ஓ-வில் (ஆப்ஷன் போன்ற ஒப்பந்தங்களின் வர்த்தகம்) இறங்கிய தனிநபர்களில் 100-க்கு 93 பேருக்கு நஷ்டம். மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். இது உங்கள் ஒருவரின் தவறு இல்லை, அதனால் வெட்கப்படாதீர்கள். அந்தக் கணக்கை மூடிவிட்டு இன்றைக்கே வீட்டில் சொல்லிவிடுங்கள்.