கேள்வி நேரம்: மரத்தில் நீர், உடம்பில் ரத்தம்

சிங்கப்பூர் உயிரியல் டியூஷன் டீச்சரிடம் உறுப்பினர்கள் கேட்டவையும் அவருடைய பதில்களும்.

கலா, பீடோக்: டீச்சர், தமனியில் ஓடுவது நல்ல ரத்தம்தானே? நுரையீரல் தமனியில் மட்டும் ஆக்சிஜன் குறைந்த ரத்தம் என்று உயர்நிலை 3 படிக்கும் மகன் அடம்பிடிக்கிறான்.

மகன் சொல்வதுதான் சரி, கலா. இதயத்திலிருந்து வெளியே போனால் தமனி, இதயத்துக்குத் திரும்பினால் சிரை. ஆக்சிஜனுக்கும் பெயருக்கும் சம்பந்தமில்லை.

செந்தில்: நம் ஊர்க் காற்றில் எப்போதும் ஈரம். துணியே காய மாட்டேன் என்கிறது. ஈஸ்ட் கோஸ்ட் சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்கள் எப்படி நீரை மேலே ஏற்றுகின்றன?

இப்படிக் கேட்டால் எனக்குப் பிடிக்கும். எப்போதும் ஈரம் என்பது முழு உண்மை இல்லை. விடிவதற்கு முன் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டும். மழையில்லாத பிற்பகலில் 60 வரை இறங்கும். இலைக்குள்ளே காற்று ஏறக்குறைய முழு ஈரம். வெயிலில் இலை சூடேறும்போது இந்த வித்தியாசம் இன்னும் கூடும். அதனால் இலைத்துளை வழியே ஆவி வெளியேறிக்கொண்டே இருக்கும். 90 சதவீத ஈரக் காற்றுக்குக்கூட நீரை இழுக்கும் திறன், அழுத்தக் கணக்கில் சொன்னால், சுமார் 140 வளிமண்டலம் (ஒரு வளிமண்டலம் என்பது நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). 25 மீட்டர் மரத்தில் புவியீர்ப்பை வெல்ல இரண்டரை போதும். குழாய்களின் உராய்வுக்கு இன்னும் கொஞ்சம். இலைத்துளைகள் மூடித் திறந்து கட்டுப்படுத்துவதால்தான் மரம் வற்றிப்போவதில்லை.

நான் எப்போதும் சொல்வது: தள்ளுகிறதா, இழுக்கிறதா என்று முதலில் கேளுங்கள். சைலத்தில், அதாவது வேரிலிருந்து இலைக்கு நீர் ஏறும் குழாய்களில், நீரை இலை மேலிருந்து இழுக்கிறது. "வேர் பம்பு செய்கிறது" என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

முத்து: ஒத்துக்கொள்ள மாட்டேன். விடியற்காலையில் என் செடியின் இலை நுனிகளில் சொட்டுச் சொட்டாக நீர் நிற்கிறது. வேர் தள்ளாமல் அது எப்படி வந்தது?

வேர் அழுத்தத்தால்தான் ஐயா. இரவில் ஆவியாதல் குறைந்ததும் வேர் சேர்த்த உப்புகள் நீரை உள்ளே இழுக்கும். அது மேலேறி இலை ஓரத்தில் கசியும். சின்னச் செடிக்கு அது போதும். வெயில் ஏறி மரம் வேகமாக நீரைச் செலவழிக்கும் நேரத்தில் அந்த அழுத்தம் இருக்காது.

முத்து: வெற்றிட பம்பே 10 மீட்டருக்கு மேல் நீரை ஏற்றாதே. இலை மட்டும் எப்படி ஏற்றும்?

பம்பில் நீரை மேலே தள்ளுவது வெளிக்காற்று. அதன் பலம் அவ்வளவுதான். மரத்தில் நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பிடித்து, இழுத்துக் கட்டிய கயிறு போல நிற்கின்றன. 1894இல் விஞ்ஞானிகள் டிக்சனும் ஜோலியும் முன்வைத்த விளக்கம் இது. நடுவில் காற்றுக் குமிழி புகுந்தால் அந்தக் குழாய் அறுந்துபோகும். நீர் பக்கத்துக் குழாய்க்கு மாறிப் போகும். மரத்தில் குழாய்களுக்குப் பஞ்சமில்லை.

ரேவதி: ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தலாமா?

கூடாது. பாலிகிளினிக்கில் கேளுங்கள்.

மாடித்தோட்டம்: மரத்தில் கம்பி கட்டினேன். கம்பிக்கு மேலே வீங்கியிருக்கிறதே?

இலையில் செய்த சர்க்கரை பட்டைக்குள் ஃபுளோயம் என்ற குழாய்கள் வழியே கீழே இறங்குகிறது. கம்பி வழியை அடைத்ததால் மேலே தேங்கிவிட்டது. பட்டையை வளையமாக உரித்து இத்தாலிய விஞ்ஞானி மால்பிகி 17ஆம் நூற்றாண்டிலேயே இதைப் பார்த்தார். இங்கே நடப்பது தள்ளுதல்தான்: சர்க்கரை ஏறிய இடத்தில் நீர் புகுந்து அழுத்தம் கூடுகிறது. கம்பியை இன்றே அவிழ்த்துவிடுங்கள், வேர் பட்டினி கிடக்கும்.

ஹரி, உயர்நிலை 4: சிரை ரத்தம் நீலமா டீச்சர்?

இல்லை தம்பி, கருஞ்சிவப்பு. நீல ரத்தம் வேண்டுமானால் ஆக்டோபஸைப் பார். அதில் இரும்புக்குப் பதில் தாமிரம். இதயமும் மூன்று.

மீனா: நுரையீரல் சிரையில் எந்த ரத்தம்?

கலாவுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

அருண்: தமனி என்றால் நல்ல ரத்தம்தானே?

மேலே.

முத்து: அப்படியானால் நாள் முழுக்க மழை பெய்தால் மரம் தண்ணீர் குடிக்காதா?

மிகக் குறைவாகத்தான் குடிக்கும் ஐயா. இலை நனைந்து, காற்றும் நிறைந்திருந்தால் இழுக்க ஆளில்லை. வேரடியில் குளமே நின்றாலும் அப்படித்தான்.