நியூ ஜெர்சியில் வீட்டு முன்புறம் வைக்க, பூவும் பழமும் அழகாக இருக்கும் சின்ன மரம் எது?

வசந்தம் முடியும்போது பூ, இலையுதிர் காலத்தில் பழம், இடமோ குறைவு என்கிறீர்கள். தயங்காமல் கௌசா டாக்வுட் வையுங்கள். 20 அடி, மிஞ்சினால் 30 அடி வளரும். கிழக்காசிய மரம் என்றாலும் இந்தக் குளிரை நன்றாகவே தாங்கும். இந்த ஊர்க் காட்டு டாக்வுட்டும் அழகுதான்; ஆனால் ஆந்த்ரக்னோஸ் என்ற பூஞ்சை நோய் அதைப் பாடாய்ப் படுத்துகிறது. கௌசாவிடம் அதன் ஜம்பம் அவ்வளவாகப் பலிக்காது.

நர்சரியில் விசாரித்து வாங்குங்கள். ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் இந்த இரண்டையும் கலந்து உருவாக்கிய ஸ்டெல்லார் வகைகளும் டாக்வுட் என்றே விற்பனைக்கு வரும். அவை அள்ளிப் பூக்கும், ஆனால் பழம் பிடிப்பது அபூர்வம். உங்களுக்குப் பழமும் வேண்டும் என்பதால் கலப்பில்லாத கௌசாவே சரி. நிறையக் காய்ப்பதில் 'மில்கி வே' ரகம் பெயர் போனது.

ஜூன் வாக்கில், இலை விட்ட பிறகு பூக்கும். வெள்ளையாக, நுனி கூராகத் தெரியும் நான்கும் இதழ்கள் அல்ல, பூவடிச் செதில்கள். நிஜப் பூக்கள் நடுவில் பச்சை உருண்டையாக நெருங்கி நிற்கும். அந்த உருண்டைதான் செப்டம்பரில் சிவந்த பழமாகி, நீளக் காம்பில் லிச்சி மாதிரி தொங்கும். சாப்பிடலாம். தோல் கசக்கும், பல்லில் நறநறக்கும். அதனால் தொட்டாலே அமுங்கும் பழமாகப் பறித்துப் பிதுக்குங்கள். மஞ்சள் சதை குழகுழவென்று வெளியே வரும், நல்ல தித்திப்பு. விதையைத் துப்பிவிடுங்கள். ஜப்பானில் குரங்குகள் இதை விரும்பித் தின்னும், இங்கே அணில்கள் போட்டிக்கு வரும்.

லேசான அமிலத்தன்மையும் நல்ல வடிகாலும் உள்ள மண், காலை வெயில் போதும். குழி அகலமாக இருக்கட்டும், ஆழம் தொட்டி மண்ணின் உயரத்தைத் தாண்ட வேண்டாம். வேர் மேலாகவே ஓடும் மரம் இது. ஜூலை, ஆகஸ்டில் மண் காய்ந்தால் இலை ஓரம் கருகும். முதல் இரண்டு கோடையும் வாரம் ஒருமுறை ஆழமாகத் தண்ணீர் விடுங்கள். மரச்சிராயை 2, 3 அங்குலம் பரப்புங்கள், அடிமரத்தை ஒட்டிக் குவிக்காதீர்கள். கவாத்து தேவைப்பட்டால் பூத்து முடிந்ததும் செய்துவிடுங்கள். அடுத்த வருட மொட்டு கோடையிலேயே உருவாகிவிடும்.

விதை போட்டால் பூக்கப் பல வருடம் ஆகும், ஐந்தாறு அடிக் கன்றாக வாங்குங்கள். அப்புறம், நடைபாதையும் கார் நிறுத்தும் இடமும் வேண்டவே வேண்டாம். கனிந்த பழம் உதிர்ந்து மிதிபட்டால் வழுக்கும்.