மறு: காய்லோவர் போட்ட பின் டயர் உள்பக்கம் தேய்கிறது

காய்லோவர் (உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் அப்சார்பர் செட்) போட்டு போலோ காரை 40 மி.மீ. இறக்கினீர்கள், நாலே மாதத்தில் முன் டயர்களின் உள்பக்கம் தேய்ந்துவிட்டது, ஓசூர் ரோட்டில் வண்டி குலுக்கி எடுக்கிறது என்கிறீர்கள். புது டயர் வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள்.

டயரின் மேல் உள்ளங்கையை உள்பக்கத்திலிருந்து வெளியே ஒரு முறை, வெளியிலிருந்து உள்ளே ஒரு முறை தடவுங்கள். ஒரு திசையில் வழுக்கி, மறு திசையில் ரம்பப் பல் போல உறுத்தினால் கோளாறு டோவில் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு). இரண்டு திசையிலும் வழவழவென்று இருந்து, சரிவாகத் தேய்ந்திருந்தால் கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்து நிற்கும் கோணம்). காரை இறக்கினால் இரண்டுமே மாறும். டயரை வேகமாகத் தின்பது பெரும்பாலும் டோதான்.

குலுக்கலுக்கு என் சந்தேகம் உயரத்தின் மேல். சஸ்பென்ஷனுக்கு அசைய இடமில்லாமல் பம்ப் ஸ்டாப்பில் (அசைவின் எல்லையில் இருக்கும் ரப்பர் தடுப்பு) இடிக்கிறது. என் ஸ்விஃப்டும் அப்படித்தான் இருந்தது. 15 மி.மீ. ஏற்றிய பிறகு நந்தி மலை வளைவுகளில் முன்பைவிட நன்றாகப் பிடித்தது.

நீங்களும் ஏற்றுங்கள். ஹப் (சக்கர மையம்) நடுவிலிருந்து ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேலுள்ள பாடி) விளிம்பு வரை அளந்து இடம் வலம் சமமாக்குங்கள். டாம்பரை (ஷாக் அப்சார்பர்) முழு இறுக்கத்துக்குத் திருகி, அங்கிருந்து கிளிக்குகளை எண்ணிக்கொண்டே தளர்த்துங்கள். இறுக்கினால் ஹேண்ட்லிங் கூடும் என்பது நல்ல சாலைக்குச் சரி. பெங்களூரின் பள்ளங்களில் டயர் தரையை விட்டுத் துள்ளும், அப்புறம் பிடிமானம் எங்கே?

வீல் அலைன்மென்ட் (டோ, கேம்பரைச் சரிசெய்வது) கடைசியில்தான். உயரத்தை மாற்றினால் மறுபடியும் செய்ய வேண்டும். டோ அளவு எழுதிய தாளைக் கேட்டு வாங்கி இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.