வால்வு மாறியதா? கன்ட்ரோலரின் திசையையும் பாருங்கள்

கடலூர் சிப்காட்டில் ஓர் இரசாயன ஆலையில் பணிபுரியும் வாசகரின் கேள்வி: "சூட்டை ஆற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் குளிர்நீர் வால்வை மாற்றினோம். பழையது காற்று கொடுத்தால் திறக்கும், புதியது காற்று கொடுத்தால் மூடும். மேனுவலில், அதாவது நாங்களே இயக்கும்போது, ஒழுங்காக இருக்கிறது. ஆட்டோவில் போட்டு கன்ட்ரோலரிடம் விட்டால் சூடு ஏற ஏற வால்வு மூடிக்கொள்கிறது. கன்ட்ரோலர் பழுது, புதிது வாங்குங்கள் என்கிறார் ஒப்பந்தக்காரர். வாங்கலாமா?"

வாங்க வேண்டாம். கன்ட்ரோலர் என்பது வெப்பநிலையைப் பார்த்து வால்வுக்குக் கட்டளை அனுப்பும் கருவி. வெப்பநிலை கூடும்போது அந்தக் கட்டளை, அதாவது வெளியீடு, கூடினால் அதன் திசை டைரக்ட், குறைந்தால் ரிவர்ஸ். மேனுவலில் இந்தத் திசை அமைப்புக்கு வேலையே இல்லாததால்தான் அங்கே கோளாறு தெரியவில்லை. பழைய வால்வுக்கு டைரக்ட் சரியாக இருந்தது. இப்போது அதே டைரக்ட், சூடு ஏறும்போது காற்றைக் கூட்டி, திறக்க வேண்டிய வால்வை மூடுகிறது. ரிவர்ஸுக்கு மாற்றுங்கள், ஒரு ரூபாய் செலவில்லை. "டியூனிங்" (கன்ட்ரோலர் எவ்வளவு வேகமாகச் செயல்பட வேண்டும் என்பதை எண்களால் சரிசெய்வது) என்று சொல்லி நாள் கணக்கில் கூலி வாங்குபவர்களிடமும் எச்சரிக்கையாக இருங்கள், ஏனெனில் திசை தவறிய லூப்பை (கன்ட்ரோலரும் வால்வும் சேர்ந்த சுற்றை) எந்த எண்ணைப் போட்டாலும் அடக்க முடியாது.

பழையபடி காற்று கொடுத்தால் திறக்கும் வால்வையே வாங்கிவிடலாம் என்றும் எண்ண வேண்டாம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்ததே, அப்படி ஒரு நாளில் கம்ப்ரசர் நின்று காற்று போனால், ஸ்பிரிங் தானாகத் திறந்துவிடும் உங்கள் புதிய வகை வால்வுதான் குளிர்நீருக்குப் பாதுகாப்பு. வால்வைப் பாதுகாப்பு தீர்மானிக்க வேண்டும், கன்ட்ரோலரின் திசை அதற்குப் பின்னால் வர வேண்டும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. வால்வின் பொசிஷனரையே (கன்ட்ரோலரின் மின்சமிக்ஞைக்கேற்ப வால்வுக்குக் காற்றை அளந்து கொடுக்கும் கருவி) யாராவது தலைகீழாக அமைத்திருந்தால், சமிக்ஞையின் கீழ் எல்லையான 4 மில்லியாம்பியரில் முழுக் காற்றும் மேல் எல்லையான 20-இல் காற்றின்மையும் வரும். அப்போது இரண்டு தலைகீழும் ஒன்றையொன்று அடித்துவிட, டைரக்டே சரியாகிவிடும். ஆகவே காகிதத்தை நம்பாதீர்கள் (வால்வை மாற்றுவார்கள், வரைபடத்தைத் திருத்த மாட்டார்கள்; முப்பது ஆண்டுகளாக இதைச் சொல்லி அலுத்துவிட்டேன்). ஷிப்ட் பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டு, மேனுவலில் வெளியீட்டை ஐந்து விழுக்காடு கூட்டி, வால்வருகே நின்று தண்டைப் பாருங்கள். மூடும் பக்கம் நகர்ந்தால் ரிவர்ஸ், திறக்கும் பக்கம் நகர்ந்தால் டைரக்ட். மாற்றியபின் வெப்பநிலை செட்பாயின்ட்டை (நீங்கள் வேண்டும் வெப்பநிலையை) ஒட்டி இருக்கும் நேரத்தில் ஆட்டோவுக்குப் போங்கள், முதல் சில நிமிடங்கள் மேனுவல் பொத்தானிலிருந்து கையை எடுக்காதீர்கள்.