உங்கள் குடும்பமே இலங்கையிலிருந்து வந்ததுதானே, 2022-ல் பொருளாதார நெருக்கடி தாளாமல் அங்கிருந்து படகேறி வந்தவர்களை ஊர் ஏசியபோது வீட்டில் என்ன பேசிக்கொண்டீர்கள்?

ஊரை விடுங்கள், எங்கள் வீட்டில்தான் அதிகமாக ஏசினோம்.

அப்பா 1972-ல், 12 வயதில் வந்தவர். இலங்கை மலையகத்தில் அட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில் (கூலிக்காரர் வரிசை வீட்டில்) பிறந்து, ரயிலில் தலைமன்னார் வந்து, கப்பலில் ராமேஸ்வரம் இறங்கி, மண்டபம் கேம்ப் வழியாக வெளியே வந்தார். 1964-ல் இரு நாட்டுப் பிரதமர்கள் போட்ட சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா ஏற்கச் சம்மதித்த 5,25,000 தோட்டத் தமிழரில் தாத்தா வீடும் ஒன்று. கூட வந்தவர்கள் பலர் நீலகிரிக்குப் போக, தாத்தா மட்டும் முதுகுளத்தூர்ப் பக்கம் சொந்தம் இருக்கிறது என்று இங்கேயே நின்றுவிட்டார். சொந்தம் ஒரு வாரம் சோறு போட்டது. அதற்கப்புறம் நாங்கள் 'சிலோன்காரவுக'.

2022 மார்ச் 22-ல் தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கு அப்பால் ஒரு மணல் திட்டில் கைக்குழந்தையோடு சிலரைப் படகுக்காரன் இறக்கிவிட்டுப் போய்விட்டான். கோஸ்ட் கார்டு மீட்டு வந்தது. கரையில் ஏற்கெனவே கொதிப்பு. பிப்ரவரியில்தான் இலங்கை, பிடித்துவைத்திருந்த நம் மீனவர் போட்டுகளை ஏலம் விட்டிருந்தது. "நம்ம போட்ட ஏலம் விடுறான், அவன் ஆளுக்கு இங்க சோறா?" என்று எங்கள் டீக்கடை பெஞ்சிலேயே பேச்சு. போட்டை இழந்தவனுக்கு வயிறு எரியும், அது நியாயம். ஆனால் ஏலம் விட்டது அந்த நாட்டு அரசு. வந்ததோ பிள்ளைக்குப் பால்மாவு வாங்க வழியில்லாத மன்னார், வவுனியா சனம். (அங்குள்ள மீனவருக்கு கடலடியை வாரும் நம் இழுவைமடி வலை மேல் இருக்கும் கோபத்தை அந்தப் பெஞ்சில் சொல்லிப் பாருங்கள்.)

அப்பாவின் வாதம் வேறு. "நாங்க பாஸ்போர்ட்டோட கப்பல்ல வந்தோம். இதுக கள்ளத்தோணி."

வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அப்பத்தாவின் கை நின்றது. "ஒங்கய்யாவ அட்டன் கடைத்தெருவுல அப்பிடித்தான்டா கூப்பிட்டான். அன்னிக்கு ராத்திரி அவரு சாப்பிடல."

1948-ல் குடியுரிமை பறிக்கப்பட்ட தோட்டத்து சனத்துக்கு அங்கே இருந்த பட்டப்பெயர் அது. பிறந்த மண்ணிலேயே கள்ளத்தோணி. மண்டபம் கேம்ப்பே தோட்டத்துக்குக் கூலியாகப் போகிறவர்களை நோய் பார்த்து அனுப்ப சிலோன் அரசு நடத்திய இடம்தான். அப்பத்தாவின் தகப்பனார் போனதும் அந்த வாசல் வழி, நாங்கள் திரும்பி வந்ததும் அந்த வாசல் வழி, 1983-லும் 1990-லும் வந்த அகதிகளும் அங்கேதான்.

அப்பாவின் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. 1991-ல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு, பேச்சில் சிலோன் வாடை அடித்தாலே வாடகைக்கு வீடு தர மாட்டார்கள். அப்போதுதான் அவர் பால் ஊற்றாத டீயைச் சிலோன் வழக்கில் 'பிளேன்டீ' என்பதை விட்டு, இந்த ஊர் 'வரடீ'க்கு மாறினாராம். புதிதாக யாராவது வந்து இறங்கினால் ஊர் மறுபடி எங்களையும் திரும்பிப் பார்க்கும். ஊரை முந்திக்கொண்டு அவர் ஏசுவது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

சில மாதம் கழித்து கேம்ப்பிலிருந்து ஓர் அக்கா, சின்னப் பையனோடு கடைக்கு வந்தார். "ஐயா, பிளேன்டீ ஒண்டு தாறீங்களோ?"

அப்பா வடிகட்டியைப் பிடித்தபடி ஒரு நொடி நின்றார். "சீனி உள்ளயா, கையிலயா?"

சிலோன் பழக்கத்தில் வரும் இந்தக் கேள்வியை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. அந்த அக்கா சிரிக்காமல் உள்ளங்கையை நீட்டினார். அப்பா ஒரு கரண்டி சீனி வைத்தார். அந்த அக்கா அதில் பாதியைப் பையன் வாயில் போட்டுவிட்டு, மிச்சத்தை நக்கி நக்கித் தேநீரைக் குடித்தார்.

அப்பா காசு வாங்கினார். பத்து ரூபாய்.

"யாருண்ணே, கேம்ப்பா?" என்று பெஞ்சிலிருந்து குரல். "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு கிளாஸைக் கழுவப் போனார்.

கள்ளத்தோணிப் பேச்சை அப்பா இன்னும் விடவில்லை. அப்பத்தா பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துப் பேசுகிறார்.