முதலில் எழுதுங்கள், பிறகு பேசுங்கள்

கேள்வி: வெள்ளவத்தையில் 24 வீடுகள் கொண்ட தொடர்மாடி ஒன்றில் வசிக்கிறோம். பழைய மின்பிறப்பாக்கியைத் திருத்துவதா, கூரையில் சோலார் தகடுகளைப் பொருத்துவதா என்று மூன்று முறை கூடியும் முடிவில்லை. 2022 போல மின்வெட்டு மீண்டும் வருமா என்பது எவருக்கும் தெரியாது. ஓய்வுபெற்ற பொறியியலாளர் ஒருவர் முதலில் பேசியதும் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். மின்தூக்கியில் இறங்கும்போது மாற்றிப் பேசுகிறார்கள். ஒருமித்த முடிவுக்கு எப்படி வருவது?
– வாசகர், கொழும்பு 6

பதில்: மின்தூக்கிக்குள் பேசப்படுவதுதான் உங்கள் கூட்டத்தின் உண்மையான கருத்து. அதை வெளியே கொண்டுவர, எவரும் வாய் திறப்பதற்கு முன்பே வீட்டுக்கொரு துண்டுக் கடதாசி கொடுத்து, அடுத்த இரண்டு வருடங்களில் மின்வெட்டு மோசமான நாளொன்றில் எத்தனை மணித்தியாலம் நீடிக்கலாம் என்று, குறைந்தது இவ்வளவு, கூடியது இவ்வளவு என இரு எண்களையும் அதற்கான காரணத்தையும் பெயர் போடாமல் எழுதச் சொல்லுங்கள். எண்களை வரிசைப்படுத்தி, நடுவில் வரும் எண்ணையும் இரு ஓர எண்களையும் பலகையில் எழுதி, ஓரத்தில் நிற்பவர்களின் காரணங்களைப் பெயரின்றி வாசித்துக்காட்டிய பின், மீண்டும் ஒருமுறை எழுத விடுங்கள். 1950களில் அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனத்தில் உருவான டெல்ஃபி முறையின் சாரம் இதுவே.

1907இல் ஆங்கிலேய அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டன் வெளியிட்ட கணக்கு ஒன்றுண்டு. பிளிமத் கால்நடைக் கண்காட்சியில் ஓர் எருதின் இறைச்சி எடையை 787 பேர் தனித்தனியே ஊகித்துச் சீட்டில் எழுத, நடு மதிப்பு 1207 இறாத்தல் என வந்தது. உண்மை எடை 1198. ஆனால் அதைக் காட்டி உங்கள் நடு எண்ணை நான் அப்படியே நம்பச் சொல்லமாட்டேன். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை இருளில் இருந்த நினைவு உங்கள் எல்லோருக்கும் பொதுவானது என்பதால், எல்லோரும் ஒரே பக்கமாகவே பிழைவிடக்கூடும்.

இன்னொன்று, வாக்கெடுத்துத் தீர்க்கக்கூடாத விடயமும் உங்கள் விவாதத்தில் கலந்திருக்கிறது. பற்றரி இல்லாமல் பொது மின்விநியோக இணைப்போடு மட்டும் இயங்கும் சோலார், மின்வெட்டின்போது தானும் நின்றுவிடும். இதைக் கூட்டத்துக்கு முன்பே விசாரித்து அறிவித்துவிட்டால், பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்.

இறுதியில் "இது சிறந்ததா?" என்று கேட்காமல், "இதோடு உங்களால் இருக்க முடியுமா?" என்று ஒவ்வொரு வீட்டையும் கேளுங்கள். முடியாது என்பவர் எந்த மாற்றம் செய்தால் முடியும் என்று சொல்லட்டும். மின்வெட்டு எந்த அளவைத் தாண்டினால் முடிவை மீண்டும் எடுத்துப் பேசுவது என்பதையும் கூட்டக் குறிப்பிலேயே எழுதிவையுங்கள். துண்டுகளை எண்ணும் பொறுப்பை அந்தப் பொறியியலாளரிடமே கொடுங்கள். எண்ணி முடிக்கும்வரை அவருக்குப் பேச நேரமிருக்காது.